வகுப்புத் தாள்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு

பெற்றோர் கூட்டம் மாலை 3 மணிக்கு என்று சீட்டு அனுப்பினால், வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளிகளில் பல வீடுகளிலிருந்து ஆள் வராது. அம்மா ஷூ கம்பெனி வேனில் காலையிலேயே போயிருப்பார். அப்பா தறியில் இருப்பார், இல்லையென்றால் பெங்களூரில் கட்டட வேலையில். வீட்டோடு இருக்கிற அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார். சுற்றிய பீடிக்குக் கணக்குக் கொடுக்கிற நாளாக இருந்தால் எழுந்து வர வழியே கிடையாது. ஆசிரியர் அறையில் இவர்களுக்கு 'அக்கறை இல்லாத பெற்றோர்' என்று பெயர் வைத்திருக்கிறோம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நம் எதிரே உட்கார அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

அவர்களால் வர முடியாதென்றால் வகுப்பு அவர்கள் வீட்டுக்குப் போகட்டும். அதற்கு ஒரே ஒரு தாள் போதும். ஏ4 தாள் ஒன்றை நடுவில் மடித்தால் நான்கு சிறு பக்கம். பிள்ளைகள் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டு போகிற வகுப்புத் தாள். இதுவரை பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போன காகிதங்களை நினைத்துப் பாருங்கள்: கையெழுத்துக் கேட்கும் ரேங்க் கார்டு, ஆதார் நகல் கேட்கும் துண்டுச் சீட்டு, பையன் யாரையாவது அடித்துவிட்டால் 'பெற்றோரை அழைத்து வரவும்'. வாங்கிப் பிரிக்கும்போதே வயிறு கலங்கும் காகிதங்கள். வகுப்புத் தாள் எதையும் கேட்டு வருவதில்லை. ஒன்றைத் தவிர: அந்த வீட்டின் பேச்சு அடுத்த இதழில் வரவேண்டும். இந்த ஒன்றுக்காகத்தான் மற்ற ஏற்பாடெல்லாம். நம் வகுப்பில் என்ன நடக்கிறது என்று நாமே எழுதி அனுப்பினால் அது சுற்றறிக்கை. வீடு பதில் சொல்கிற இடம் இருந்தால்தான் அது வகுப்புத் தாள்.

ஆண்டு மலரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வழவழப்பான அட்டையில் வாழ்த்துச் செய்திகளும் முதல் மதிப்பெண் எடுத்தவர்களின் படங்களுமாக ஆண்டுக்கு ஒரு முறை வருவது அது. அதன் வேலை வேறு.

முதலில் யாரிடம் பேசுவது

தலைமை ஆசிரியரிடம். வாயால் கேட்டு வாங்கிய அனுமதி போதாது. அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எந்த வகுப்பு, மாதம் எத்தனை தாள், யார் படித்துப் பார்த்தபின் வெளியே போகும், செலவு யாருடையது என்ற நான்கு விவரம் இருந்தால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஒரு வரி சொல்லிவிடச் சொல்லுங்கள். அந்தக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்தான். பின்னால் யாராவது 'என் பிள்ளை எழுதினதை எதுக்கு ஊரெல்லாம் காட்டினீங்க' என்று கேட்டு வந்தால், முன்பே தெரிந்தவர்கள் நாலு பேர் ஊரில் இருப்பது நல்லது.

ஒரு வகுப்போடு தொடங்குங்கள். ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பு தோதாக இருக்கும். எழுதவும் வரும், பொதுத் தேர்வு நெருக்கடியும் கிடையாது. நான்காம், ஐந்தாம் வகுப்பிலும் முடியும். எழுத்து குறைந்து படம் கூடும், அவ்வளவுதான். பள்ளி முழுவதற்கும் சேர்த்துத் தொடங்கலாம் என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு உங்கள் வகுப்புக்குப் போய்விடுங்கள். எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளப் பதிவுகளுக்கு நடுவே செய்யப்போகிற வேலை இது.

மாதத்துக்கு ஒன்று என்றாலும் ஆண்டுக்கு ஆறு இதழ் போதும். ஜூன் சேர்க்கையிலும் புத்தகம் கொடுப்பதிலும் போய்விடும். ஜூலை, ஆகஸ்ட் இரண்டு இதழ். செப்டம்பர் காலாண்டுத் தேர்வு, விடுங்கள். அக்டோபர், நவம்பர். டிசம்பர் அரையாண்டு, அதையும் விடுங்கள். ஜனவரி, பிப்ரவரி. பன்னிரண்டு இதழ் என்று அறிவித்து மூன்றாவதில் நின்றுபோகும் தாளை விட, ஆறு என்று சொல்லி ஆறும் வந்த தாளைத்தான் வீடுகள் நம்பும்.

செலவுக் கணக்கு சின்னது. 30 பிள்ளைகள், தாளுக்கு இரண்டு பக்கம், ஒரு பக்கம் ஒன்றரை ரூபாய் என்று வைத்தாலும் இதழுக்கு 90 ரூபாய். பிள்ளைகளிடம் மட்டும் வசூல் வேண்டாம். ஐந்து ரூபாய் கொண்டுவராத பிள்ளையின் முகம் அன்றைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஊரில் பழைய மாணவர் ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பார். காகிதத்தை நாம் கொடுத்தால் ஓட்டித் தர மறுக்கமாட்டார். அவர் கடை பெயரைத் தாளில் போடச் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

ஒப்புதல் சீட்டு

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் சொந்த விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். நம் தாள் காகிதம்தான். ஆனால் அதைப் போனில் அனுப்பத் தொடங்கினால் இந்தப் பேச்சு வந்துவிடும். சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுச் செய்வதுதான் முறை. சீட்டில் வழவழ வாசகம் வேண்டாம். இவ்வளவு போதும்:

'உங்கள் பிள்ளை எழுதியதும் வரைந்ததும் எங்கள் வகுப்புத் தாளில் வரும். இந்த வகுப்புப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் மட்டும் கொடுப்போம். (1) பிள்ளையின் பெயர் போடலாமா? (2) தாளைப் போனில் மற்றப் பெற்றோருக்கு அனுப்பலாமா? (3) பிள்ளை படிக்கும் குரலைப் பதிந்து அனுப்பலாமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சரி / வேண்டாம் என்று குறிக்கவும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.'

மூன்றையும் தனித்தனியாகக் கேட்பது முக்கியம். பெயர் வரட்டும், போனில் வேண்டாம் என்று சொல்கிற வீடுகள் உண்டு. குறிப்பாகப் பெண்பிள்ளைகள் விஷயத்தில். காரணம் கேட்டு நிற்காதீர்கள். முகம் தெரியும் போட்டோவைப் பற்றி நான் சீட்டில் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? போட்டோவே வேண்டாம். ஜெராக்ஸில் முகம் கறுப்புத் திட்டாகத்தான் விழும். பிள்ளை வரைந்த படம் இருக்கும்போது அது எதற்கு?

படிக்கத் தெரியாத வீட்டுக்குச் சீட்டை அனுப்பிக் கைநாட்டு வாங்கி வரச் சொல்வது சரியல்ல. போன் செய்து நீங்களே படித்துச் சொல்லிக் கேட்டு, சீட்டின் ஓரத்தில் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளைத் தயாரிப்பது

இதில் கை பழக இரண்டு இதழ் ஆகும். ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வைத்து நடுவில் மடியுங்கள். வெளிப்புறம் வலது பாதிதான் முதல் பக்கம், இடது பாதி நான்காம் பக்கம். உள்ளே இடது இரண்டு, வலது மூன்று. ஆக, ஜெராக்ஸுக்குக் கொடுக்கிற மூலப்படியில் 4 ஆம் பக்கமும் 1 ஆம் பக்கமும் ஒரே முகத்தில் அருகருகே வரும். இதைப் பிள்ளைகளுக்கு வாயால் விளக்கினால் குழம்பும். வெற்றுத் தாளை மடித்து 1, 2, 3, 4 என்று எண் போட்டு விரித்துக் காட்டினால் அடுத்த நொடியே புரிந்துவிடும்.

ஒவ்வொரு பக்கமும் 148 மில்லிமீட்டர் அகலம், 210 உயரம். பிள்ளைகள் ஏ4 தாளைப் பாதியாக வெட்டிய துண்டுகளில் எழுதட்டும். பிறகு மூலப்படியில் ஒட்டிக்கொள்ளலாம். கோடு போட்ட நோட்டுத் தாள் ஆகாது, சில இயந்திரங்களில் அந்தக் கோடும் சேர்ந்து விழும். வெள்ளைத் தாளுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் தடிமனாகக் கோடு போட்ட தாளை வைத்தால் மேலே தெரியும். அதைப் பார்த்து நேராக எழுதலாம். நான்கு ஓரமும் ஒன்றரை சென்டிமீட்டர் விடுங்கள், இயந்திரம் விளிம்பை விழுங்கிவிடும். பென்சிலும் வெளிர்நீல மையும் மங்கிப்போகும். கறுப்பு ஜெல் பேனா நாலைந்து வாங்கி வகுப்பிலேயே வையுங்கள். ஒட்டிய துண்டின் விளிம்பு தூக்கிக்கொண்டிருந்தால் நகலில் கறுப்புக் கோடாக நிழல் விழும். பசையை விளிம்பு வரை தடவி அழுத்துங்கள்.

இந்த அளவில் ஒரு பக்கத்துக்கு 80, 90 சொல்தான் கொள்ளும். குறைவென்று தோன்றும். ஆனால் நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வந்தவர் ராத்திரி விளக்கடியில் படித்து முடிக்கிற அளவு அது.

கடையில் பின்னும் முன்னும் ஓட்டும்போது உட்பக்கம் தலைகீழாக வந்துவிடுவது சகஜம். ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, புரட்டிப் பார்த்தபிறகே 'மிச்சத்தை ஓட்டுங்கண்ணா' என்று சொல்லுங்கள்.

எழுத என்ன கொடுப்பது

உண்மையில் இங்கேதான் தாள் பிழைப்பதும் சாவதும். 'விவசாயம்' என்று தலைப்புக் கொடுத்தால் என்ன வரும்? 'விவசாயம் நம் நாட்டின் முதுகெலும்பு. உழவர்கள் சேற்றில் கால் வைத்தால்தான் நாம் சோற்றில் கை வைக்க முடியும்.' இதை எழுதிய பிள்ளையின் அப்பா அணைக்கட்டு பக்கம் கத்தரித் தோட்டம் வைத்திருப்பார். அவர் இதைப் படித்து என்ன செய்வார்?

அதே பிள்ளையிடம் வேறு கேள்வி கேளுங்கள். 'உங்கள் தோட்டத்தில் முள்ளு கத்தரிக்காயை எப்படிப் பறிக்கிறார்கள்? முள் எங்கே இருக்கிறது? நீ பறித்தாயா?' இப்போது இப்படி ஏதாவது வரும்: 'முள்ளு காய்ல இல்ல, காம்புலயும் மேல் தொப்பியிலயும்தான் இருக்கும். எங்க அப்பா கையில துணி சுத்திக்குவாரு. நான் சுத்தாம பறிச்சேன், குத்திகிச்சு.' மூன்றே வரி. ஆனால் அந்த வீட்டில் இதைப் படிக்கும்போது யாராவது சிரிப்பார்கள், யாராவது 'அப்படி இல்லடா' என்று திருத்துவார்கள். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை அதே பக்கத்தின் அடியில் ஆசிரியர் குறிப்பாக ஒரு வரி சேர்த்துவிடலாம். பொதுஅறிவுக்கு அதுவே சரியான இடம். பிள்ளை பார்த்தது மேலே, புத்தகம் சொல்வது கீழே.

ஜூலை மாதம் கவனமாக இருங்கள். 10 ஆம் தேதி வந்தால் 1806 வேலூர்ப் புரட்சி பற்றி ஆறு பிள்ளைகள் பாடப்புத்தகத்தின் ஒரே பத்தியைக் கொண்டு வந்து நீட்டுவார்கள். அந்த ஆண்டைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். கோட்டைக்குப் போயிருக்கிற பிள்ளை இருந்தால் அகழித் தண்ணீரின் நிறம் என்ன, உள்ளே கோயிலுக்குப் போகும் வழியில் எது முதலில் கண்ணில் பட்டது என்று கேளுங்கள்.

நம் வட்டாரத்துக்கென்றே ஒரு வேலை உண்டு. எந்த வகுப்பிலும் தவறாமல் பிடித்துக்கொள்ளும். வீட்டில் இருக்கும் பழைய காகிதங்களில் நம் மாவட்டத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லுங்கள். தாத்தாவின் பத்திரத்தில் வட ஆற்காடு மாவட்டம் இருக்கும். 1989 இல் திருவண்ணாமலை பிரிந்தபிறகு சில ஆண்டுகள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று வந்திருக்கும். அப்புறம் வேலூர். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்ததால், ஆம்பூரில் இருக்கும் அத்தை வீட்டு முகவரியும் மாறிப்போனது. குடும்பம் வீட்டை விட்டு நகரவே இல்லை, மாவட்டம் மட்டும் மாறியிருக்கிறது. பிள்ளை எழுதி வரவேண்டியது பெயரும் ஆண்டும் மட்டும். பத்திர எண், சர்வே எண், ரேஷன் அட்டை எண் எதுவும் பள்ளிக்கு வரக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் பக்கத்தைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஒதுக்குங்கள். லுங்கித் தறி இருக்கும் வீட்டுப் பிள்ளை, ஒரு லுங்கி முடிய நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடும் கட்டை) எத்தனை தடவை ஓடும் என்று கண்டுபிடிக்கட்டும். அங்குலத்துக்கு எத்தனை ஊடை இழை, அதாவது குறுக்கு இழை, என்று அப்பாவைக் கேட்டு, அதை லுங்கியின் நீளத்தால் பெருக்க வேண்டும். அங்குலத்துக்கு 48, நீளம் 80 அங்குலம் என்றால் 3,840. அந்த எண்ணைப் பார்த்துத் தறிக்காரரே ஒரு நிமிடம் யோசிப்பார்.

திருத்துவது எவ்வளவு

எழுத்துப் பிழையைத் திருத்துங்கள். ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் புள்ளி வையுங்கள். அதற்குமேல் கை வைக்காதீர்கள். 'ஆயா ஊட்டுக்குப் போனேன்' என்று எழுதியதைப் 'பாட்டி இல்லத்திற்குச் சென்றேன்' என்று மாற்றினால் அது ஆயா கண்ணுக்கே அடையாளம் தெரியாது. தேர்வுத் தாளில் எழுத்து வழக்கு வேண்டும், அதை வகுப்பில் கற்றுக்கொடுக்கிறோம். இந்தத் தாளில் பேச்சு வரட்டும் என்று பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டால் குழப்பம் வராது. சில சக ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது. இருக்கட்டும்.

கையெழுத்து அழகாக இருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள் மொத்த இதழையும் எழுதி முடித்துவிடும் ஆபத்து எந்த வகுப்பிலும் உண்டு. சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டுங்கள். இதழுக்கு 8 பேர் என்றால் 30 பேரும் நான்கு இதழில் வந்துவிடுவார்கள். அதுவரை வந்தவர் மறுபடி வரக்கூடாது. எழுதவே வராத பிள்ளை சொல்ல, பக்கத்துப் பிள்ளை எழுதலாம். பெயர் சொன்னவருடையதாக இருக்க வேண்டும். எழுதிய பிள்ளை சண்டைக்கு வரும், 'எழுத்து' என்று அடியில் அதன் பெயரையும் போட்டுவிடுங்கள்.

நான்காம் பக்கம் வீட்டுக்கு

கடைசிப் பக்கத்தின் மேல்பாதியில் சென்ற கேள்விக்கு வீடுகளிலிருந்து வந்த பதில். கீழ்ப்பாதியில் அடுத்த கேள்வி. கேள்வி ஒன்றுதான், அதுவும் பெற்றோருக்குத் தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும். 'உங்கள் பிள்ளையின் கல்வி முன்னேற்றம் குறித்து உங்கள் கருத்து' என்று கேட்டால் ஒரு வரிகூட வராது. '2021 நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்த அன்று எங்கே இருந்தீர்கள்?' என்று கேளுங்கள். பாலாற்றங்கரை ஊர்க்காரர், குடியாத்தத்தில் கௌண்டிண்ய ஆற்றங்கரைக்காரர், ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். 'நீங்கள் படித்த பள்ளியில் மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?' நல்ல கேள்வி. பள்ளிக்கே போகாதவர் வருத்தப்படும் கேள்வியாகவும் ஆகலாம் என்பதால், 'பத்து வயதில் மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?' என்று மாற்றிவிடுங்கள்.

பதிலுக்காகத் தாளின் அடியில் இடம்விட்டுக் கத்தரித்து அனுப்பச் சொல்லாதீர்கள். நான்காம் பக்கத்தை வெட்டினால் மூன்றாம் பக்கத்தின் கீழ்ப்பாதியும் சேர்ந்து போய்விடும். பிள்ளை கேட்டு, தன் நோட்டில் எழுதி வரட்டும். எழுதத் தெரியாத அம்மாவுக்கு இதுதான் வசதி. பதில் சொல்ல வாய் போதும். ஆனாலும் முதல் இதழுக்குப் பதில் தானாக வராது. நாலைந்து வீட்டுக்கு நீங்களே போன் செய்ய வேண்டியிருக்கும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

'அம்மா, நீங்க எழுத வேணாம். சொல்லுங்க போதும், பாப்பா எழுதிக்கும்.'

'எனக்கு இன்னா சார் தெரியும்? பீடி சுத்தறதத் தவிர.'

'அதத்தான்மா கேக்கறேன். ஒரு இலையில எத்தன பீடிக்கு வெட்டுவீங்க?'

'அது இலையப் பொறுத்துது சார். ஓட்ட இலயா வந்துச்சின்னா...'

அங்கிருந்து அவர் நிறுத்தமாட்டார். வந்த பதிலை அப்படியே போடுங்கள், பெயரோடு. பெயர் வேண்டாம் என்றால் 'ஏழாம் வகுப்பு அம்மா ஒருவர்' என்று. அடுத்த இதழின் மூன்றாம் பக்கத்தில் அதையே கணக்காக்குங்கள்: கட்டுக்கு 25 என்றால் ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு, நூல் கட்ட ஒரு கட்டுக்கு எவ்வளவு நேரம். தன் வேலை பள்ளிக்கூடத் தாளில் கணக்காக அச்சாகியிருப்பதை ஒரு அம்மா பார்த்துவிட்டால், அதன்பிறகு போன் செய்ய வேண்டியிருக்காது.

பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் நிறைய. ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கு. கையெழுத்துத் தாளின் பெரிய வசதி இங்கே தெரியும்: எழுத்துரு வேண்டாம், தட்டச்சு வேண்டாம். அப்பா உருதுவில் எழுதிக் கொடுத்தால் வலமிருந்து இடமாக அப்படியே ஒட்டி, அடியில் பிள்ளை தமிழில் இரண்டு வரியில் சொல்லட்டும். சென்னை திருவல்லிக்கேணியில் 1927 இல் தொடங்கிய 'முசல்மான்' உருது நாளிதழ் பல பத்தாண்டுகள் காத்திபு என்னும் எழுத்துக் கலைஞர்களின் கையெழுத்திலேயே வந்தது. ஒரு நாளிதழையே அப்படி நடத்த முடிந்திருக்கிறது. மாதம் நான்கு பக்கம் பெரிதில்லை.

எதைப் போடக்கூடாது

மதிப்பெண், தரவரிசை, யார் கட்டணம் கட்டவில்லை, யார் பள்ளிக்கு வரவில்லை: எதுவும் வேண்டாம். ரேங்க் கார்டின் வேலையை இந்தத் தாளுக்குக் கொடுத்தால் வீட்டில் அதைப் பிரிக்கமாட்டார்கள்.

இதைவிடச் சிக்கலான ஒன்று நம் மாவட்டத்தில் கட்டாயம் வரும். ஒரு பிள்ளை வெகுளியாக, 'நேத்து ராத்திரி அம்மாகூட ஒக்காந்து பீடிக்கு நூல் கட்டினேன்' என்று எழுதித் தரும். 1986 இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தபோதே பீடி சுற்றுவது தடைப் பட்டியலில் இருந்தது. அந்த வரியை அச்சிட்டால் அம்மாவை ஊர் முன்னால் நிறுத்தியதாகிவிடும். பேசாமல் நோட்டை மூடினால் பிள்ளையைக் கைவிட்டதாகிவிடும். தாளில் வேறு எதையாவது எழுதச் சொல்லுங்கள். அதே வாரம் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். எத்தனை மணி வரை, தினமுமா, இருமல் இருக்கிறதா, தூக்கம் எப்படி என்று கேளுங்கள். பயமுறுத்தும் குரலில் போனால் அடுத்த முறை பிள்ளை எழுதாது, ஆனால் நூல் கட்டிக்கொண்டுதான் இருக்கும்.

யாராவது தன்னைத் தொட்டதாகவோ துன்புறுத்துவதாகவோ பிள்ளை எழுதினால் அது தாள் விஷயமே அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 'நாம் ஏன் இதில்' என்று தலைமை ஆசிரியரே தயங்கினாலும் உங்கள் கடமை அப்படியே இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098. அந்தப் பிள்ளை எழுதிய தாளைத் திருத்தவோ கிழிக்கவோ மற்ற ஆசிரியர்களிடம் காட்டவோ வேண்டாம், பத்திரமாக வையுங்கள்.

வீட்டுச் சண்டை, அப்பாவின் குடி, கடன்காரர் வந்தது போன்றவையும் வரும். எழுதியதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். 'இது உனக்கும் எனக்கும் மட்டும், தாளுக்கு வேறு எழுதுவோம்' என்று சொன்னால் புரிந்துகொள்ளும்.

மாதத்தின் நான்கு வாரம்

முதல் வாரம் எழுதுவது, தமிழ்ப் பாடவேளை இரண்டு போதும். இரண்டாம் வாரம் திருத்திப் படியெடுப்பது. மூன்றாம் வாரம் ஒட்டி, தலைமை ஆசிரியர் பார்த்து, ஜெராக்ஸ். வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆள் இருப்பார்கள். நான்காம் வாரம் பதில் சேர்ப்பது. தாளுக்குப் பெயர் பிள்ளைகளே வைக்கட்டும். 'மலரும் மொட்டுகள்' என்று வந்தால் மட்டும் இன்னொரு முறை யோசிக்கச் சொல்லுங்கள்.

போனில் அனுப்புவதென்றால்

வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். முப்பது அம்மாக்களின் எண்ணை முப்பது வீட்டு ஆண்களிடமும் கொடுத்த கணக்கு அது. அதற்குப் பதில் வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் ஒளிபரப்புப் பட்டியலை (பிராட்காஸ்ட் லிஸ்ட்) பயன்படுத்துங்கள். நீங்கள் அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதில் உங்களுக்கு மட்டும் வரும். ஒரு நிபந்தனை: அவர்கள் போனில் உங்கள் எண் சேமிக்கப்பட்டிருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். ஒப்புதல் சீட்டிலேயே உங்கள் எண்ணைப் போட்டு, பிள்ளையையே வீட்டுப் போனில் பதிந்துவிடச் சொல்லுங்கள். குழுதான் என்று பள்ளியில் முடிவானால், நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று அமைத்துவிடுங்கள். காலை வணக்கப் படங்களிலிருந்தும் அது காப்பாற்றும்.

தாளைச் சன்னல் வெளிச்சத்தில், கை நிழல் விழாமல் படமெடுங்கள். படமாக அனுப்புவதைவிட ஆவணமாக அனுப்பினால் எழுத்து கலங்காது. எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது குரல்தான். எழுதிய பிள்ளையே தன் பகுதியைப் படித்து, ஒரு நிமிடத்துக்குள் பதிந்து அனுப்பட்டும். எழுத்துத் தெரியாத வீட்டில் அதுதான் முழு இதழ். ராத்திரி ஏழரை, எட்டு மணிக்கு அனுப்புங்கள். கம்பெனி வேன் வந்து, அப்பாவின் போன் வீட்டில் இருக்கும் நேரம் அது. பதிலும் குரலாக வந்தால் மறுநாள் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டுக் கேட்டு எழுதி எடுக்கட்டும். சொல்வதெழுதல் பாடம் அன்றைக்குத் தனியாக வேண்டாம்.

இன்னொரு வகுப்போடு மாற்றிக்கொள்வது

மூன்று இதழ் வந்தபின் செய்யுங்கள். பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1924 இல் தன் வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, பிள்ளைகள் எழுதியதை அவர்களையே அச்சுக் கோக்க வைத்தார். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரிட்டனி கடலோரத்துப் பள்ளி ஒன்றுக்குத் தபாலில் போயின, அங்கிருந்தும் வந்தன. மலையோரத்துப் பிள்ளைகள் மீன்பிடிப்பது பற்றியும் கடலோரத்துப் பிள்ளைகள் மலை பற்றியும் படித்தார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை பக்கத்துப் பள்ளிக்கும் குடியாத்தத்துப் பள்ளிக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் போதும். அங்கே சாமையும் தேனும். இங்கே தறியும், வைகாசியில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமும். வட்டார வளமையப் பயிற்சியில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். தபாலில் அனுப்புங்கள், போன் வேண்டாம். உறை வந்து சேரும் நாளில் வகுப்பில் நடக்கும் தள்ளுமுள்ளு போனில் வராது. வெளியூர்ப் பள்ளிக்குப் போகும் பிரதியில் பிள்ளைகளின் முதல் பெயர் மட்டும் இருக்கட்டும், முகவரி பள்ளியுடையதாக இருக்கட்டும். அதற்கும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும், சீட்டில் 'இந்த வகுப்புக்கும் பள்ளிக்கும் மட்டும்' என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

மார்ச்சில் ஆறு இதழ்களையும் சேர்த்துத் தைத்து, பள்ளி நூலகத்தில் ஒன்று வையுங்கள். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியராக வருபவருக்கு ஒன்று. எந்தப் பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதை அவர் ஒரு மாலையில் தெரிந்துகொள்ளலாம். ஒப்புதல் சீட்டுகளை மட்டும் அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் தொடர்ந்தால் புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளட்டும். பழையதில் வீட்டுக் கையெழுத்தும் போன் எண்ணும் இருக்கின்றன, கிழித்துவிடுங்கள்.